லீடர் குரலில் ஓட்டுக் கேட்டவர்

காரியத்தன்று, செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். "எங்க மாமாவுக்கு மன்னிக்கவே தெரியாது. அவருகிட்ட இருந்த நல்ல குணமே அதான்." பந்தலில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஒருத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். அக்கா மட்டும் தலையை ஆட்டினாள். வாழ்ந்தவள் அவள், அவளுக்குத் தெரியும்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசை வரிசையாகக் கட்டின வீடுகள்தான் லைன்; கோரமண்டலில் எங்கள் லைன் வீட்டுக்கு எதிர் லைன் அவர்களுடையது. மிமிக்ரிக்காரர் வீடு என்று கேட்டால் மாரிகுப்பம் ஸ்டேஷனில் இறங்குகிறவனுக்குக்கூட வழி சொல்லுவார்கள். பேரை எழுதப் போவதில்லை. அவருக்கே அவர் பேரில் பெரிய பிரியம் கிடையாது. அடுத்தவர் குரலில் பேசினால்தான் மனிதருக்கு உயிர் வரும். காலையில் அக்காவிடம் காபி கேட்பதுகூட வேறு யாராவது ஒருத்தர் குரலில்தான். ஒரு நாள் போஸ்ட்மேன் கேட்பார், ஒரு நாள் சர்ச் ஃபாதர் கேட்பார், ஒரு நாள் செத்துப்போன எங்கள் அப்பாவே வந்து கேட்டார். அன்றைக்கு அக்கா டம்ளரைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். அதற்கப்புறம் அப்பா குரலை அவர் தொடவே இல்லை.

மிமிக்ரி செய்கிறேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "அவன் குரல எடுத்துட்டேன்" என்பார். பிடித்தவர்கள் குரலை விளையாட்டுக்கு எடுப்பார், ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். வம்புக்கு வந்தவன் குரலை எடுப்பது வேறு வேலை. அவன் பின்னாலேயே போவார். எங்கே மூச்சு வாங்குகிறான், பொய் சொல்லும்போது எந்த வார்த்தையை இழுக்கிறான், எதற்கு முன்னால் எச்சில் விழுங்குகிறான் என்று நிதானமாகப் பார்ப்பார். முழுசாக எடுத்தபிறகு அவன் கதி அதோகதி.

எங்கள் லைனுக்கு ரேஷன் கொடுத்த கடைக்காரன் ஒருத்தன், எப்போது போனாலும் சர்க்கரை வரவில்லை என்பான். அக்காவை ஒருமுறை, "தெனமும் வந்து உயிர வாங்காத" என்று விரட்டிவிட்டான். மாமா அவன் பின்னாலேயே போக ஆரம்பித்தார். கொஞ்ச நாள் கழித்து, அவன் சாப்பிட உள்ளே போயிருந்த நேரம் பார்த்துக் கடைக்குப் பின்பக்கம் நின்றுகொண்டு, அவன் குரலிலேயே, "சர்க்கரை வந்துக்கீது, எல்லாரும் பைய எடுத்துக்கினு வாங்க!" என்று கத்தினார். அவ்வளவுதான், சுற்றுப்பட்ட லைன் எல்லாம் பையோடு வந்து நின்றுவிட்டது. இல்லை என்று சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் நாலு பெண்கள் உள்ளே புகுந்து ஒளித்துவைத்திருந்த சர்க்கரை மூட்டையை வெளியே இழுத்துப் போட்டார்கள். கடைசிவரைக்கும், தான் எப்போது கூப்பிட்டோம் என்று அவனுக்கே புரியவில்லை.

மைன்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் இதே கதைதான். அப்போது மாமாவுக்கு அண்டர்கிரவுண்டில் வேலை. ஒரு ஷிஃப்ட் பாஸ் இவருடைய கூட்டாளியை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருக்கிறான். அவன் அழுதுவிட்டு மறந்துவிட்டான். மாமா மறக்கவில்லை. பல வாரம் கழித்து ஒருநாள், பூமிக்கு அடியில் இருந்த டெலிபோனை எடுத்து, அந்த ஷிஃப்ட் பாஸ் குரலில், "கேஜ் அனுப்பு, ஆளுங்க எல்லாம் மேல வராங்க" என்றிருக்கிறார். அதே குரலில் அந்த லெவலில், அந்தச் சுரங்கத் தளத்தில், இருந்தவர்களுக்கும் சேதி போனது. ஷிஃப்ட் பாதியில் மொத்தக் கூட்டமும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்து வெயிலில் நின்று பீடி பற்றவைத்தது. கீழே ஆளே இல்லாத லெவலில் ஷிஃப்ட் பாஸ் மட்டும் விசில் ஊதிக்கொண்டு திரிந்தானாம். மெமோ அவனுக்குத்தான் வந்தது.

"இன்னா மாமா, அத்தன நாள் கழிச்சா?" என்று கேட்டேன்.

"மறக்கிறதுக்கு எனக்கு இன்னா வயசா ஆயிடுச்சி?" என்றார். இதை எழுபது நெருங்கும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் வாயடைத்து நின்ற நாள் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி ஒன்றும் சொன்னதாக ஆகாது.

அக்கா பாடுவாள். மாமாவும் அவளும் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள். பாலகாட், மாரிகுப்பம், பங்காருப்பேட்டை என்று எங்கே திருவிழா நடந்தாலும் அக்கா பாட்டு, நடுநடுவே மாமா மிமிக்ரி. அந்த வருடம் எங்கள் மாரியம்மன் திருவிழாவில், கோரமண்டல் மைதானத்தில் மேடை. சாயங்காலம் அக்கா அம்மன் பாட்டு எடுத்தாள். குழந்தைகள்கூட அசையவில்லை. அப்போதுதான் லீடர் வந்தார்.

லீடர் என்றால் யூனியன் லீடராக இருந்து எம்.எல்.ஏ. ஆனவர். ஊரே லீடர் லீடர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் சொந்தப் பேரே மறந்துபோனது. நல்லவேளை, எனக்கும் அந்தப் பேரை எழுதிக் கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டாம். தவில், பட்டாசு, மாலை எல்லாம் வைத்துக்கொண்டு லேட்டாக வந்தார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது பொறுக்கவில்லை மனிதருக்கு. விறுவிறு என்று மேடை ஏறினார். பாடிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"போதும் நிறுத்தும்மா. ஏன்னா, அம்மனுக்கே காது வலிக்கும்!"

கூட்டம் சிரித்தது. இத்தனை நேரம் மெய்மறந்து கேட்ட அதே கூட்டம். சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் தெம்பு வந்துவிட்டது.

"ஆடறவ பாடறவளுக்கெல்லாம் லீடர் நிக்கிற மேடைல இன்னா வேல? எறங்கு, எறங்கு."

மேடையின் அந்தப் பக்கம் மாமா நின்றுகொண்டிருந்தார். அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்க அவர் கையிலும் ஒரு மைக் இருந்தது. ஊரில் இருக்கிற எல்லார் குரலும் அந்த மனிதர் தொண்டையில் இருந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை. அக்கா அவரை ஒருமுறை பார்த்தாள், பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

அன்றோடு பாட்டு நின்றது. மேடையில் மட்டும் இல்லை, அடுப்படியில்கூட முணுமுணுத்து நான் கேட்டதில்லை. எத்தனையோ பேர் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். "தொண்ட சரியில்ல" என்று முடித்துவிடுவாள். என்னிடம் மட்டும் சொன்னாள்: "ஒருத்தன் பேசினான், ஒருத்தன் பேசல. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மாமா சபதம் போட்டார். "அதே மேடைல, அத்தன சனத்துக்கு முன்னாடி, அவன் வாயாலயே உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வைக்கிறேன் பாரு."

"மொதல்ல உன் வாயத் தொறக்கிற வழியப் பாரு," என்றாள் அக்கா. அந்தப் பேச்சு வந்தால் மாமா எழுந்து வெளியே போய்விடுவார். சயனைடு மேட்டுப் பக்கம் போய்த் தனியாக நின்று லீடர் மாதிரி பேசிப் பேசிப் பார்ப்பார். மைன்ஸ்காரர்கள் கொட்டிவைத்த அந்த வெள்ளை மண்மேட்டில் புல்லும் முளைக்காது, கேட்க ஆளும் இருக்காது.

லீடரை எதிர்த்து மாமா முதல் தடவை தேர்தலில் நின்றபோது ஊரே சிரித்தது. சுயேச்சை. சின்னமாக மைக் கேட்டார், காலிஃபிளவர் கொடுத்தார்கள். "மாமா, இத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?" என்றேன். "குருமா பண்ணுவேன், போ," என்று எரிந்து விழுந்தார். ஒரு காலிஃபிளவரைக் கையில் தூக்கிக்கொண்டு லைன் லைனாகப் போய் நடிகர்கள், மந்திரிகள், கிரிக்கெட் கமெண்டரி என்று எல்லாக் குரலிலும் ஓட்டுக் கேட்டார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது, கைதட்டியது, இன்னொரு தடவை இன்னொரு தடவை என்று கேட்டது. லீடர் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மார்க்கெட் முனையில் ஒரு தள்ளுவண்டி போட்டு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இலவசமாகக் கோபி மஞ்சூரி கொடுத்தார்கள். "மிமிக்ரிக்காரன் சின்னத்தத் தின்னுங்க, லீடருக்கு ஓட்டுப் போடுங்க!" நம் சனம் அப்படியே செய்தது. வெட்கம் கெட்ட சனம்.

டெபாசிட் போனது. லீடர் ஊர்வலம் வேண்டுமென்றே எங்கள் லைனுக்குள் நுழைந்தது. அக்கா வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திச் சரவெடி கொளுத்தினார்கள். லீடர் ஜீப்பில் நின்றபடி மைக்கில், "இன்னாம்மா, ஏன்னா, ஒரு பாட்டுப் பாடேன்!" என்றார். அக்கா கதவைச் சாத்திவிட்டாள். நான் ஒரு கல்லைப் பொறுக்கிவிட்டேன். என் கையைப் பிடித்து நிறுத்தியது மாமா. கோபம் இருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜீப் போனதும் சொன்னார்: "ஏன்னா, ஏன்னான்னு இழுக்கிறான் பாத்தியா மச்சினி? அதுக்கு முன்னாடி மூக்கால ஒரு மூச்சு வுடறான். இத்தன நாளா அந்த மூச்ச வுட்டுட்டேன், அதான் குரல் ஒக்காரல." எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த தேர்தல் வரைக்கும் லீடர் பேசின ஒரு கூட்டத்தையும் மாமா விடவில்லை. முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். பார்க்கிற ஆட்களுக்குத் தூங்குகிற மாதிரி இருக்கும். லீடருக்குத் தலைகால் புரியவில்லை. "பாருங்க, எதிர்த்து நின்னவனே இப்ப நம்ம ரசிகன்!" என்று மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார். மாமா மாலையை வாங்கிக்கொண்டு கும்பிட்டார். வீட்டுக்கு வந்து அதை அக்கா கண்ணில் படாமல் குப்பையில் போட்டார்.

இரண்டாம் தடவை நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நேரம் இல்லை. மாமாவிடம் ஓர் ஆட்டோ, மேலே ஒரு குழாய் ஸ்பீக்கர். லீடர் பிரச்சாரம் எந்த லைனுக்கு எப்போது என்று விசாரித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் முன்னாலேயே அங்கே போய்விடுவார். ஆட்டோவுக்குள்ளே உட்கார்ந்துகொண்டு லீடர் குரலில் பேசுவார். கேலி இல்லை, நையாண்டி இல்லை, லீடர் பேசப்போகிற அதே பேச்சு. மைன்ஸைத் திறப்பேன், லைன் வீட்டுக்குப் பட்டா வாங்கித் தருவேன், குழாயில் தினமும் தண்ணீர் விடுவேன். எந்த இடத்தில் தழுதழுப்பார், எந்த இடத்தில் துண்டால் கண்ணைத் துடைப்பார் என்பதுவரை சொல்லிவிட்டு, "காலிஃபிளவருக்கு ஓட்டுப் போடுங்க" என்று முடித்துக்கொண்டு போய்விடுவார். பின்னாலேயே லீடர் வந்து மைக்கைப் பிடித்து, "தாய்மார்களே, ஏன்னா" என்றதும் கூட்டமே அடுத்த வரியைச் சொல்லும். தழுதழுக்கிற இடம் வந்ததும், "துண்ட எடு, துண்ட எடு!" என்று சின்னப் பிள்ளைகள் கத்தும்.

லீடர் ஆட்கள் தேர்தல் அதிகாரியிடம் ஓடினார்கள். அவர் கன்னடக்காரர், நிதானமான மனிதர். ஆட்டோவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. "அவர பாயி, அவரு மாதாட்தாரெ. நானேன் மாட்லி?" என்று கையை விரித்துவிட்டார். அவர் வாய், அவர் பேசுகிறார், நான் என்ன செய்ய என்று அர்த்தம்.

மாரிகுப்பத்தில் நடந்ததுதான் உச்சம். நான் கண்ணால் பார்த்தேன். கண் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ஓர் அம்மா, வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. லீடர் கும்பிட்டபடி நேராக அந்த அம்மாவிடம் போய்த் தன் பேச்சை ஆரம்பித்தார். அந்த அம்மா முறத்தை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டது.

"போதும்பா. இப்பதான வந்து சொல்லிட்டுப் போன? தொண்ட நோவப் போவுது. அப்பிடியே அந்தாளு மாதிரியே பேசற. ஆனா ஒண்ணு, அவன் இன்னும் கொஞ்சம் திமிரா பேசுவான்."

"நான்தான்மா லீடர்! நெஜமான லீடர்!" என்று கத்தினார் அவர்.

"ஆங், இப்ப வந்துச்சி பாரு திமிரு! இப்பதான் சரியா கீது," என்றது அந்த அம்மா.

லைன் மொத்தமும் சிரித்தது. ஒரு கூட்டம் சிரித்தால் நடுவில் நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு வயிறு குளிர்ந்தது. அந்தத் தேர்தலில் லீடர் தோற்றார். ஜெயித்தது வேறு யாரோ, மாமாவுக்கு வழக்கம்போல டெபாசிட் போனது. பட்டாசு வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாமாவைப் பார்த்து, "மன்னிப்புக் கேட்டானா?" என்றாள்.

"தோத்துட்டான்ல?"

"கேட்டானா?"

"இல்ல."

அவள் குடத்தோடு போய்விட்டாள். பட்டாசை நான் கொளுத்தவில்லை.

அப்புறம் கொஞ்ச நாளில் லீடருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. சேதி கேட்டு மாமா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். மனிதர் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. "வாயே பூட்ச்சே. இனிமே எப்பிடிக் கேப்பான்?" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"வுடுங்க மாமா, அதான் சாமியே தண்டிச்சிடுச்சே," என்றேன்.

"என் வேலைய சாமி இன்னாத்துக்குச் செய்யுது? நான் கேட்டனா?" என்றார். அவ்வளவு கோபமாக அவர் என்னிடம் பேசினது அந்த ஒருமுறைதான்.

மூன்றாம் தேர்தல் வந்தது. மாமா வழக்கம்போல மனு போட்டார். இந்தத் தடவை லீடரின் மகன் நின்றான். பெங்களூரில் படித்து அங்கேயே கம்பெனி வைத்திருக்கிறவன், மரியாதை தெரிந்த பையன்தான். ஒருநாள் மத்தியானம் பெரிய காரில் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டான். நானும் இருந்தேன்.

"அங்கிள், நீங்க வித்ட்ரா பண்ணிடுங்க. ஓல்ட் வோட்டர்ஸ் எல்லாம் அப்பா வாய்ஸ மிஸ் பண்றாங்க. நம்ம பெரிய மீட்டிங்ல, அப்பா பக்கத்துல நின்னு நீங்க அப்பாவா பேசணும். ஒரு எமோஷனல் டச். பழசெல்லாம் மறந்துடலாம் அங்கிள்."

மாமா மூக்கால் ஒரு மூச்சு விட்டார். "ஏன்னா, புள்ள கேட்டா நான் எப்பிடி மாட்டேங்கிறது?" என்றார். லீடர் குரல் அப்படியே கூடத்தில் நின்றது. பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் சாய்ந்திருந்த டிரைவர் சட்டென்று நிமிர்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

கார் போனதும் அக்கா பிடித்துக்கொண்டாள். "இன்னா மனுஷன்யா நீ? அன்னிக்குப் பேசாம நின்ன. இன்னிக்கு அவனுக்காவப் பேசப் போறியா? தூ!"

"நீ அந்தக் கூட்டத்துக்கு வரணும்," என்றார் மாமா. மறுநாள் போய் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார்.

ஊர் வாயை மூட முடியுமா? நான் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற காலை ரயிலில், என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். "உங்க மாமா காலிஃபிளவர வித்துட்டாராமே?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமாவிடம் பேசுவதை நிறுத்தினேன். எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். எப்பேர்ப்பட்ட துரோகம்! மறக்கத் தெரியாத மனிதர் என்று இத்தனை வருடம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கூட்டத்துக்கு அக்கா கிளம்பியபோது ஆச்சரியமாக இருந்தது. "இன்னும் எவ்ளோ கீழ எறங்கறான்னு பாக்கணும்," என்றாள். நான் எதற்குப் போனேன் என்றால், மாமா வாயைத் திறந்ததும் மேடையைப் பார்த்துச் செருப்பை வீசுவதற்குத்தான். தெளிவாக முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன்.

கோரமண்டல் மைதானம், வெயில் சாயும் நேரம். மேடை நடுவில் சக்கர நாற்காலியில் லீடர், தோளில் சால்வை. ஒரு கை மடியில் செத்துக் கிடந்தது, இன்னொரு கை நாற்காலியைப் பிடித்திருந்தது. பக்கத்தில் மகன். மாமா வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று மைக்கை எடுத்தார்.

"தாய்மார்களே... ஏன்னா, ரொம்ப நாளாச்சி உங்களப் பாத்து."

யூனியனில் இருந்த கிழவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சிலர் கும்பிட்டார்கள், சிலர் அழுதார்கள். மாமா மகன் எழுதிக்கொடுத்ததையெல்லாம் பேசினார். மைன்ஸ், பட்டா, தண்ணீர், என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாம். என் கை செருப்புக்குப் போனது. அப்போது குரல் தழைந்தது.

"சாவறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இதே மைதானத்துல, அம்மன் திருவிழாவுல, ஒரு பொண்ணு பாடிக்கினு இருந்தா. நீங்க எல்லாம் என்னப் பாக்காம அவ பாட்டக் கேட்டீங்க. எனக்கு வயித்தெரிச்சல். மைக்கப் புடுங்கினேன். ஆடறவ பாடறவன்னு அசிங்கமாப் பேசினேன். நீங்களும் சிரிச்சீங்க."

மகன் முகம் வெளிறிப்போய் மாமா பக்கம் கையை நீட்டினான். முன்வரிசைக் கிழவர் ஒருத்தர், "உக்காருப்பா, லீடர் பேசறாரு!" என்று அதட்டினார். அவர் உண்மையாகவே நம்பிவிட்டார். மகன் நீட்டின கையை இழுத்துக்கொண்டான், வேறு என்ன செய்வான்? லீடரின் நல்ல கை மட்டும் எழும்பி, வேண்டாம் வேண்டாம் என்று காற்றில் ஆடியது.

"கைய ஆட்றேன் பாருங்க," என்றது அவர் குரல். "அந்தம்மா எங்க ஒக்காந்துக்கீதுன்னு தேட்றேன். தாயே, நான் செஞ்சது தப்பு. என்ன மன்னிச்சிடும்மா."

நாற்காலியில் இருந்த கண்களைப் பார்த்தேன். நீர் வழிந்துகொண்டிருந்தது. மனம் திருந்தி அழுதார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கிட்டே இருந்து பார்த்தவள் நான், அது ஆத்திரம். சொல்ல வாயில்லாத ஆத்திரம். எனக்கு ஒரு நொடி பாவமாக இருந்தது, ஒரு நொடிதான். அப்புறம் நன்றாக அனுபவி என்று நினைத்தேன்.

பக்கத்தில் அக்கா இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மேடை ஏறிக்கொண்டிருந்தாள். மாமா கையிலிருந்து மைக்கை வாங்கினாள். நாற்காலிக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"லீடரே, கேட்டீங்க. காதுல வுழுந்துச்சி. ஆனா மன்னிக்க முடியாது."

அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. "அய்யோ பாவம், நோயாளிம்மா" என்று யாரோ ஒரு பெண் பிள்ளை முனகினாள். அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. மாமா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இத்தனை வருடம் பாடுபட்டு வாங்கிக் கொடுத்ததை இவள் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறாளே என்று அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. அக்கா மைக்கைத் திருப்பி அவர் கையில் வைத்து அழுத்தினாள்.

"அவரு கேட்டுட்டாரு. நீ எப்பக் கேக்கப் போற?"

ஸ்பீக்கரில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. மாமா மைக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். மூக்கால் மூச்சு விட்டார், அது லீடருடைய மூச்சு, விட்டுவிட்டார். தொண்டையைச் செருமினார். பிறகு ஒரு குரல் வந்தது. கரகரவென்று, பாதி குரல் பாதி காற்றாக. நான் பிறந்ததிலிருந்து கேட்காத குரல்.

"நான் அன்னிக்கு மைக்க கைல வச்சிக்கினு சும்மா நின்னேன். அவன் எம்.எல்.ஏ. பயந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல, பயந்துட்டேன். தப்புதான். என்ன மன்னிச்சிடு."

பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்: "அண்ணே, இது யாரு குரலு? தெரியலையே!"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா படியில் இறங்கிக்கொண்டிருந்தவள் நின்று திரும்பினாள். மைக் இல்லை, இருந்தாலும் அந்தத் தொண்டைக்கு மைக் எதற்கு?

"என் வூட்டுக்காரர் குரலு," என்றாள். பிறகு மேடையைப் பார்த்து, "உன்ன மன்னிக்கிறதா வேணாமான்னு வூட்ல போயி சொல்றேன். எறங்கி வா."